ஐப்பசி, கார்த்திகையில் நம்ம ஊர் நட்பு: தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் வாங்க பேசலாம்

காரிமங்கலம் கிராஸ்:

புரட்டாசி முடியப் போகிறது. நெற்றியில் நாமம் போட்டுச் சொம்பைத் தூக்கிக்கொண்டு "கோவிந்தா" என்று வீடு வீடாக அரிசி வாங்கிய பிள்ளைகள் கடைசிச் சனிக்கிழமைக்குக் காத்திருக்கிறார்கள். கூட்டமில்லாமல் கிடந்த கறிக்கடைகள் ஐப்பசி முதல் ஞாயிறுக்குத் தயாராகின்றன. பெங்களூர், ஓசூரில் இருக்கும் பசங்கள் தீபாவளிக்கு யார் யார் எந்த பஸ் என்று வாட்ஸ்அப்பில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். இந்த நேரத்தில் ஒரு விஷயத்தைப் பேசியே ஆக வேண்டும் என்று தோன்றியது, நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஊரிலேயே இருப்பவன். உரக்கடை வைத்திருக்கிறேன், கொஞ்சம் மானாவாரிக் கொல்லையும் உண்டு. என்னோடு படித்தவர்களில் பாதிக்கு மேல் வடக்கே போய்விட்டார்கள். கிருஷ்ணகிரியில் இருந்து பெங்களூர் 90 கிலோமீட்டர்தான், தருமபுரியில் இருந்து 130 சொச்சம். டெல்லிக்கும் துபாய்க்கும் போனவனுக்குத் தூரம் என்று ஒரு காரணமாவது இருக்கிறது. இங்கே மூன்று மணி நேரத்தில் வந்துவிடலாம் என்பதாலேயே "அடுத்த வாரம் வரேன் மாப்ள" என்று சொல்லிச் சொல்லி வருஷம் ஓடுகிறது.

தீபாவளிக்கு வருகிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. முதல் நாள் ராத்திரி வந்து, விடியற்காலை எண்ணெய் வைத்துக் குளித்து, கறி சாப்பிட்டு, மத்தியானம் தூங்கி, சாயந்திரம் ஒரு மணி நேரம் டீக்கடையில் நின்று பேசிவிட்டு, மறுநாள் பஸ் ஏறிவிடுகிறார்கள். அந்த ஒரு மணி நேரத்திலும் பேச்சு வண்டி விலை, வாடகை, பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ். போன வருஷம் பேசியதேதான்.

இப்போது என் கருத்து. எங்கள் பக்கம் மானாவாரி ராகி ஆடி, ஆவணியில் விதைப்பது. கதிர் முற்றுவதும் வடகிழக்குப் பருவமழை வருவதும் ஏறக்குறைய ஒரே நேரம். அறுத்துப் போட்ட கதிர் தொடர்ந்து நனைந்தால் கதிரிலேயே முளை விட்டுவிடும், தாள் கறுத்துப் பூஞ்சை பிடித்துப் போகும், மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். ஆக, வானம் வெளுத்திருக்கும் இரண்டு மூன்று நாளுக்குள் அறுத்து, கட்டி, போர் போட்டு மூடியாக வேண்டும். அதே இரண்டு மூன்று நாளில்தான் ஊரில் எல்லாக் கொல்லைக்கும் ஆள் வேண்டும், கூலிக்குக் கூப்பிட்டாலும் யாரும் கிடைக்கமாட்டார்கள். எங்கள் அப்பா காலத்தில் இன்றைக்கு உன் கொல்லை, நாளைக்கு என் கொல்லை என்று மாற்றி மாற்றிப் போய் முடித்தார்கள். இன்றைக்கும் எனக்கு நெருக்கமாக இருப்பவர்கள் யார் என்று எண்ணிப் பார்த்தால், ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்களைவிட, மழை தூறும்போது என்னோடு தார்ப்பாயைப் பிடித்து இழுத்தவர்கள்தான் அதிகம். ஒருவனோடு சேர்ந்து வேலை செய்யும்போது அவன் குணம் தெரிகிறது, நம் குணம் அவனுக்குத் தெரிகிறது. அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் பேசாமல் இருந்தாலும் விட்ட இடத்தில் இருந்து பேச முடிகிறது.

அதனால் வெளியே இருப்பவர்களிடம் கேட்கிறேன். தீபாவளிக்கு ஒரு நாள் குறைத்துக்கொண்டு, கார்த்திகையில் ஒரு சனி ஞாயிறு வர முடியாதா? வேலை செய்து தர வேண்டும் என்பதற்காகக் கேட்கவில்லை. இப்போது அறுவடை இயந்திரம் வந்துவிட்டது, பாதி வேலை அதுவே முடிக்கிறது. அந்த நேரத்தில் நீங்கள் ஊரில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறேன்.

அத்திபெலே தாண்டி:

அண்ணா, நான் நீங்கள் சொல்லும் அந்த "வெளியே போனவன்". எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. நீங்கள் எழுதியதைப் படித்ததும் மனது கஷ்டமாக இருந்தது, அதனால் நேராகவே சொல்கிறேன்.

தீபாவளிக்கு எனக்கு ஒரு நாள் லீவு. வாரச் சுழற்சியில் இன்னொரு நாள் சேர்ந்து வந்தால் அதிர்ஷ்டம். தீபாவளிக்கு முந்தின ராத்திரி ஓசூர் பஸ் ஸ்டாண்டை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அத்திபெலே எல்லையில் இருந்தே வண்டி நகராது, ஓசூரில் குழந்தையை ஜன்னல் வழியாக உள்ளே கொடுத்துச் சீட்டுப் பிடிப்பார்கள். தருமபுரிக்காரனுக்காவது ஓசூர் வழியாக ரயில் இருக்கிறது, கிருஷ்ணகிரிக்கு ரயிலே கிடையாது. கிருஷ்ணகிரி வரைக்கும் நின்றுகொண்டே வந்து, அங்கிருந்து டவுன் பஸ் கிடைக்காமல் நண்பனைப் போன் போட்டு எழுப்பி, அவன் பைக்கில் வந்து கூட்டிக்கொண்டு போவான். நடு ராத்திரியில், தூறலில், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ரவுண்டானாவில் நிற்பான் பாருங்கள், எனக்கு அதுதான் தீபாவளி.

இன்னொன்று. நாங்கள் இங்கே இருந்துகொண்டு ஒன்றும் செய்யவில்லை என்று நினைக்காதீர்கள். ஊரில் யாருக்காவது பெரிய வியாதி என்றால் சேலமா பெங்களூரா என்று கேள்வி வரும். நிமான்ஸ் (மூளை, நரம்பு ஆஸ்பத்திரி), கித்வாய் (புற்றுநோய் ஆஸ்பத்திரி) என்று எழுதிக் கொடுத்தால் முதல் போன் எங்களுக்குத்தான் வருகிறது. விடியற்காலையில் வரிசையில் நின்று டோக்கன் எடுப்பது, கன்னடத்தில் பேசி எந்த பிளாக் என்று கேட்பது, கூட வந்தவர்களுக்கு ரூமில் இடம் கொடுப்பது, ராத்திரி ரத்தம் வேண்டும் என்றால் ஓடுவது எல்லாம் நாங்கள்தான். ஒரு தடவை ஊர்க்காரர் ஒருவருக்காக என் ரூமில் இருந்த பசங்கள் அத்தனை பேரும் மாற்றி மாற்றி ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்திருந்தோம். அவரை அதற்கு முன்னால் எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. நீங்கள் தார்ப்பாய் என்று சொல்வது எங்களுக்கு அந்த வராந்தா.

கார்த்திகையில் வர ஆசைதான். ஆனால் லீவு கேட்டால் "தீபாவளிக்குத்தானே போனாய்" என்பார்கள். ராகி அறுக்க வேண்டும் என்று சொன்னால் மேலே இருப்பவருக்குப் புரியாது.

பர்கூர் பொண்ணு:

இரண்டு பேர் எழுதியதையும் படித்தேன். இரண்டிலும் எங்களைக் காணோம். அண்ணன்மார் இருவரும் ஆண்பிள்ளைகளின் நட்பைப் பற்றியே பேசுகிறீர்கள். டீக்கடை, பைக், பஸ் ஸ்டாண்ட், சரி. ஒரு பெண் கல்யாணமாகிப் போனால் அவளுடைய சிநேகிதிகள் என்ன ஆகிறார்கள் என்று யாராவது யோசித்திருக்கிறீர்களா?

எனக்குப் பிறந்த ஊர் பர்கூர் பக்கம், கொடுத்த ஊர் மத்தூர் பக்கம். தூரம் ஒன்றுமில்லை. என்றாலும் நானும் என் சிநேகிதியும் நிம்மதியாக உட்கார்ந்து பேசுவது ஐப்பசியில்தான், அதுவும் நோன்பு வருவதால். எங்கள் பக்கம் தீபாவளி அமாவாசைக்குக் கேதார கௌரி நோன்பு எடுப்போம். 21 அதிரசம், 21 வெற்றிலை, 21 பாக்கு, 21 இழை நோன்புக் கயிறு. அதிரசம் ஒருத்தி தனியாகச் சுடுகிற பலகாரம் இல்லை. பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் ஈரம் போகாமல் உலர்த்தி, மில்லுக்குக் கொண்டு போய், பாகு பதம் பார்த்து, மாவைக் கிளறி இறுக்கி வைக்க வேண்டும். சுடும்போது ஒருத்தி தட்டிப் போட, ஒருத்தி எடுத்து அழுத்தி எண்ணெய் பிழிய, இன்னொருத்தி அடுப்பைப் பார்க்க வேண்டும். ஐப்பசி ஈரக் காற்றில் அரிசி உலர்வதே பெரிய பாடு, பாகு ஒரு கம்பி முற்றிவிட்டால் அதிரசம் கல்லாகிவிடும், இளகினால் எண்ணெயில் கரைந்துபோகும். அதனால் பதம் தெரிந்த ஒருத்தி வீட்டில்தான் எல்லாரும் கூடுவோம்.

அந்த அடுப்படியில் பேசுவதை வேறு எங்கேயும் பேச முடியாது. புருஷன் குடிப்பது, மாமியார் சொன்னது, பெண் பத்தாவதுக்கு மேல் படிக்கட்டுமா வேண்டாமா, கழுத்தில் இருந்த நகை எந்த அடகுக்கடையில் இருக்கிறது, எல்லாம் மாவு பிசைந்துகொண்டே வெளியே வரும். மில்லில் வரிசையில் நிற்கும்போது பழக்கமாகி இன்றைக்கு வரைக்கும் போன் பண்ணிக்கொள்கிற அக்கா ஒருவர் எனக்கு இருக்கிறார். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021-இல் டிக்கெட் இல்லை என்று ஆன பிறகு, காசு கேட்டுக் கையேந்தாமல் அம்மா வீட்டுக்குப் போய் அதிரசம் சுட்டுவிட்டு அன்றைக்கே திரும்புகிறார்கள். இதையும் பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் தீபாவளி சாயந்திரம் நண்பர்கள் கூடுகிறோம் என்று சொல்லிக் குடித்துவிட்டு நெடுஞ்சாலையில் பைக் ஓட்டுகிற பழக்கத்தைப் பற்றி நீங்கள் இருவருமே ஒரு வார்த்தை எழுதவில்லை. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அப்படிப் போனவன் திரும்பவில்லை. கூட இருந்தவர்களில் ஒருவனாவது சாவியைப் பிடுங்கி வைத்திருந்தால் அவன் இன்றைக்கு இருந்திருப்பான்.

காரிமங்கலம் கிராஸ்:

அத்திபெலே தம்பி, வராந்தா விஷயம் எனக்குப் புதிது. ஊரில் இருப்பவர்களுக்கு அது கண்ணில் படுவதில்லை, ஆஸ்பத்திரியில் இருந்து வந்தவர்களும் வெளியே சொல்வதில்லை. எழுதியதற்கு நன்றி. பர்கூர் தங்கச்சி, சாவி பிடுங்குவது பற்றிச் சொன்னதை எங்கள் குழுவில் அப்படியே போட்டுவிட்டேன்.

தளி ரோடு:

நாங்கள் தேன்கனிக்கோட்டை பக்கம். இங்கே ஐப்பசி, கார்த்திகை என்றால் முதலில் ஞாபகம் வருவது யானை. ராகி கதிர் பால் பிடிக்கும் நேரம் பார்த்து பன்னேர்கட்டா காட்டில் இருந்து ஜவளகிரி வழியாகக் கூட்டம் கூட்டமாக வரும், பிரிந்து பிரிந்து சானமாவு காடு வரைக்கும் போகும். ராகி அறுப்பு முடிகிற வரைக்கும் திரும்பாது. பகலில் காட்டில் நிற்கும், இருட்டியதும் கொல்லையில் இறங்கும். ஒரு ராத்திரியில் தின்பதைவிட மிதித்து நாசமாக்குவது அதிகம்.

அதனால் கொல்லைக்காரர்கள் சேர்ந்து ராக்காவல் போடுவோம். பரண் மேல் இரண்டு பேர், கீழே தீ மூட்டி இரண்டு பேர். ஓசூர் பக்கம் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம், கார்த்திகையில் ராத்திரி குளிர் எலும்பில் இறங்கும். என் பக்கத்துக் கொல்லைக்காரர் வீட்டில் தெலுங்கு பேசுவார், எதிர்க் கொல்லைக்காரர் கன்னடம், நான் தமிழ். பரணில் மூன்றும் கலந்து பேசுவோம். பகலில் வரப்புத் தகராறில் முகம் கொடுத்துப் பேசாத இரண்டு பேரை ஒரே பரணில் காவலுக்குப் போட்டோம் ஒரு வருஷம். வேறு ஆள் இல்லை, வேறு வழியும் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்குப் பக்கத்தில் மரம் முறிகிற சத்தம் கேட்டால், வரப்பு ஒரு முழம் அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று யாருக்கும் தோன்றாது. அந்தத் தகராறு கோர்ட்டுக்குப் போகாமலேயே அந்தப் பருவத்தோடு முடிந்தது.

புதிதாகக் காவலுக்கு வரும் பையன்களுக்கு நாங்கள் சொல்வது: தனியாக டார்ச் எடுத்துக்கொண்டு இறங்காதே, குடித்துவிட்டு வராதே, செல்பி எடுக்கப் போகாதே, குட்டி இருந்தால் கத்தாமல் பின்வாங்கு, வனத்துறை ஆட்களுக்குப் போன் போடு. எல்லாவற்றுக்கும் மேலே, வேலியில் கரண்ட் விடாதே. 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி பக்கம் மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்தன, கூட வந்த இரண்டு குட்டிகள் அவற்றைச் சுற்றிச் சுற்றி நின்றன. அதைப் பார்த்தவர்கள் யாரும் மறக்கமாட்டார்கள். விவசாயி ஒருவன் கரண்ட் வேலிக்கு யோசிக்கிற இடத்துக்கு வருவது, காவலுக்குத் துணை இல்லாமல் தனியாக மாட்டிக்கொள்ளும்போதுதான். ஒவ்வொரு ராத்திரியும் ஒருத்தனே விழித்திருக்க முடியாது. பெங்களூர் தம்பிகளே, உங்கள் கொல்லைக்கு உங்கள் அப்பா மட்டும் காவலுக்குப் போகிறார் என்றால், வர முடியாவிட்டாலும் அக்கம்பக்கத்தில் யாரிடமாவது போன் பண்ணி "அப்பாவோடு சேர்ந்து காவல் போடுங்க" என்று சொல்லி வையுங்கள்.

பெண்ணாகரம் மொச்சை:

குறுக்கே பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள், ராகியோடு ஊடு போடுகிற அவரை, மொச்சை பற்றி யாரும் சொல்லவில்லையே. கார்த்திகை கடைசியில் பனி விழ ஆரம்பித்ததும்தான் மொச்சை ருசி ஏறும். ராத்திரி எல்லாரும் திண்ணையில் உட்கார்ந்து பிதுக்கிப் போட்டு, மறுநாள் பிதுக்குப் பருப்புக் குழம்பும் களியும். வெளியூரில் இருப்பவர்களுக்கு யார் யார் மொச்சை அனுப்புகிறார்கள் என்பதை வைத்தே யாரோடு யாருக்கு ஒட்டு என்று எங்கள் ஊரில் தெரிந்துகொள்ளலாம்.

ஊத்தங்கரை டீச்சர்:

நட்பு, ஐப்பசி, கார்த்திகை என்றால் எனக்கு 2024 டிசம்பர் முதல் தேதியைத் தவிர வேறு எதுவும் எழுத வராது. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை ஏறிவிட்டது, நமக்கு ஒன்றுமில்லை, தூறலோடு போய்விடும் என்றுதான் நாங்கள் எல்லாருமே நினைத்தோம். கடலே இல்லாத ஊர் எங்களுடையது. அன்றைக்கு ஒரே நாளில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழை. இந்த மாவட்டத்துக்கு ஒரு வருஷம் முழுக்க 80, 85 சென்டிமீட்டர்தான் பெய்யும், அதில் பாதிக்கு மேல் ஒரே நாளில் கொட்டிவிட்டது. ஏரி நிரம்பி வழிந்து, ரோட்டோரம் நிறுத்தியிருந்த வேன்களை வெள்ளம் புரட்டிப் பள்ளத்துக்கு இழுத்துக்கொண்டு போனதை நாடே வீடியோவில் பார்த்தது.

எங்கள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். பிள்ளைகளின் விடைத்தாள்கள், துணி, அரிசி, ஃப்ரிட்ஜ் எல்லாம் போயிற்று. உதவி கேட்க வேண்டிய இடத்தில் போன் எடுக்கவில்லை, அதை விடுங்கள். யார் வந்தார்கள் என்று சொல்கிறேன். எதிர் வீட்டு மாடியில் குடியிருக்கும் தையல்காரர் குடும்பம் கயிறு கட்டி எங்கள் அம்மாவை மேலே ஏற்றினார்கள். என்னோடு சின்ன மனஸ்தாபத்தில் பேசாமல் இருந்த சக ஆசிரியை, சிங்காரப்பேட்டை பக்கத்தில் இருந்து, ரோடு திறந்த அன்றைக்கே ஒரு மூட்டை அரிசியும் புடவையும் எடுத்துக்கொண்டு வந்து நின்றார். என்னிடம் ஒன்பதாவது படித்து, படிப்பு ஏறவில்லை என்று நின்றுபோன மாணவன் ஒருவன், ஓசூரில் பெயின்ட் வேலை பார்ப்பவன், ஐந்தாறு கூட்டாளிகளோடு வந்து மண்வெட்டியால் வீட்டில் இருந்த சேற்றை அள்ளிக் கொட்டி, சுவரைக் கழுவி, கொஞ்ச நாள் கழித்துத் திரும்ப வந்து சுண்ணாம்பும் அடித்துவிட்டுப் போனான். காசு கொடுத்தேன், வாங்கவில்லை. "டீச்சர், நீங்க மத்தியானம் எனக்குச் சாப்பாடு குடுத்திருக்கீங்க" என்றான். எனக்கு அது ஞாபகமே இல்லை.

காரிமங்கலம் சார், நீங்கள் சொல்வதில் இருக்கும் உண்மையை நான் அந்தச் சேற்றில்தான் பார்த்தேன். ஆனால் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். வெளியே போனவனா ஊரில் இருப்பவனா என்று பிரித்தால் அந்தப் பையன் எந்தப் பக்கம்? அவன் ஓசூரில் இருப்பவன். ஊரில் இருந்தும் வராதவர்களும் உண்டு, எனக்கு அவர்கள் மேல் கோபம் இல்லை, அவரவர் வீட்டிலும் தண்ணீர்தான்.

நாலு ரோடு பையன்:

அண்ணன்மார், அக்காமார், டீச்சர் எல்லாரும் பெரியவர்கள். எனக்கு இப்போதுதான் டிகிரி முடிந்தது. எங்களுக்குக் கொல்லை இல்லை, அப்பா லாரி டிரைவர். எங்கள் செட்டில் பாதிப் பேர் போலீஸ், பாதிப் பேர் குரூப் 4. விடியற்காலையில் பனி மூட்டத்தில் ஓடுகிறோம். காவலர் தேர்வுக்கு ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். எனக்கு மூச்சு வாங்கும், கூட ஓடுகிற நண்பன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு என் பக்கத்திலேயே வருவான். எழுத்துத் தேர்வில் அவனுக்குக் கணக்கு வராது, மழை பெய்கிற சாயந்திரம் முழுக்க நூலகத்தில் நான் சொல்லிக் கொடுக்கிறேன். இருவரும் ஒரே வேலைக்குத்தான் போட்டி போடுகிறோம், இருக்கும் இடங்களோ கொஞ்சம். யாருக்கு முதலில் கிடைத்தாலும் அவன் போகும் இடத்தைப் பொறுத்து மற்றவன் இங்கே தனியாக நிற்க வேண்டியதுதான். தீபாவளி வந்தால் "என்னப்பா, வேலை கிடைத்ததா" என்று கேட்பார்கள் என்பதாலேயே நாங்கள் இருவரும் அன்றைக்கும் நூலகம் திறந்திருக்குமா என்று பார்ப்போம்.

நீங்கள் எல்லாரும் நட்பு என்று சொல்லும்போது அறுப்பு, காவல், நோன்பு என்று ஒரு வேலை இருக்கிறது. எங்களுக்கு இருப்பது இந்தக் காத்திருப்பு. தயவுசெய்து தீபாவளிக்கு ஊருக்கு வருகிறவர்கள், எங்களைப் போன்றவர்களைப் பார்த்தால் வேலையைப் பற்றிக் கேட்காதீர்கள். ஓட்டம் எப்படிப் போகிறது என்று கேளுங்கள், அதற்கு எங்களிடம் சந்தோஷமாகச் சொல்ல நிறைய இருக்கிறது.

புழு ஷெட்:

தம்பி, நீ எழுதியது நெஞ்சில் நிற்கிறது. உனக்கும் உன் நண்பனுக்கும் சேர்ந்தே கிடைக்கட்டும்.

நான் பட்டுப்புழு வளர்ப்பவன், பாலக்கோடு பக்கம். நாலாவது முறை தோல் உரித்த பிறகு ஒரு வாரம் புழு தின்கிற தீனிதான் மொத்தத் தீனியில் பெரும்பகுதி, ராத்திரி பகல் தழை வெட்டிப் போட வேண்டும். ஐப்பசியில் தழை எப்போதும் ஈரம், ஈரத் தழையைப் போட்டால் நோய், ஷெட்டில் காற்றோட்டம் குறைந்து குளிர் ஏறினால் புழு செத்துச் சுண்ணாம்புக் கட்டியாக வெளுத்துப் போகும். எல்லாம் தாண்டிப் பழுத்த புழு வந்துவிட்டால் ஒரே நாளில் பொறுக்கிச் சந்திரிகையில் (புழு கூடு கட்டுகிற தட்டு) விட்டாக வேண்டும், தாமதித்தால் கண்ட இடத்தில் கூடு கட்டி வீணாகிவிடும். அந்த ஒரு நாளில் கூலி ஆளைவிட நண்பன் வீட்டு ஆட்கள்தான் எனக்குக் கை கொடுக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் புழுவுக்கு நாங்கள் போகிறோம். அதற்காகவே இரண்டு வீடும் பேசி வைத்துக்கொண்டு சில நாள் தள்ளித் தள்ளி முட்டை எடுக்கிறோம்.

தருமபுரி பட்டுக்கூடு அங்காடியில் ஏலத்துக்குக் காத்திருக்கும்போது பழக்கமானவர்களும் எனக்கு நிறைய. மழை நாளில் கூட்டில் ஈரம் இருக்கிறது என்று விலை இறங்கும். அன்றைக்கு மனசு உடைந்து உட்கார்ந்திருப்பவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, "அடுத்த பட்டம் பார்த்துக்கலாம் மாமா" என்று சொல்ல அங்கே யாராவது ஒருவர் இருப்பார். போன மாதம் எனக்குச் சொன்னவருக்கு இந்த மாதம் நான் சொன்னேன்.

அத்திபெலே தாண்டி:

எல்லாவற்றையும் படித்தேன். டீச்சர் எழுதியதை ரூமில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். தளி ரோடு அண்ணா சொன்னபடி எங்கள் பக்கத்துக் கொல்லைக்காரருக்குப் போன் போட்டேன், "உங்க அப்பாவைத் தனியா விடுவோமா தம்பி" என்றார்.

காரிமங்கலம் அண்ணா, ரூமில் பேசி முடிவு பண்ணினோம். எல்லாரும் ஒரே நேரத்தில் வர முடியாது. கார்த்திகையில் ஆளுக்கொரு சனி ஞாயிறு என்று பிரித்துக்கொள்கிறோம், ஷிப்டையும் எங்களுக்குள்ளேயே மாற்றிக்கொள்ளலாம். யார் எந்த வாரம் என்று பட்டியல் போட்டு ஊர்க் குழுவில் போடுகிறேன், அந்தந்த வாரம் யார் கொல்லையில் அறுப்போ அங்கே வருகிறோம். கார்த்திகை தீபத்துக்கு வருகிறவன் பிள்ளைகளுக்கு மாவளி (சுற்றினால் தீப்பொறி பறக்குமே, அது) செய்து தர வேண்டும் என்று என் தங்கை கேட்கிறாள். ரூமில் ஒருத்தனுக்கும் செய்யத் தெரியவில்லை.

பெண்ணாகரம் மொச்சை:

மாவளிக்கு இப்போதே பனம்பூ எடுத்து வைக்கச் சொல்லுங்கள், ஆண் பனையில்தான் கிடைக்கும். நன்றாகக் காய்ந்ததும் குழியில் போட்டுக் கொளுத்தி, முழுக்கச் சாம்பல் ஆகும் முன்னால் மூடிக் கரியாக்க வேண்டும். அந்தக் கரியை நன்றாக இடித்துச் சலித்து, பழைய பருத்தித் துணியில் நீளமாகச் சுருட்டி இறுக்கிக் கட்டி, மூன்றாகப் பிளந்த பனை மட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டுங்கள். முனையில் கங்கு வைத்துக் கயிற்றால் சுற்ற வேண்டியதுதான். மட்டை பச்சையாக இருந்தால்தான் தீப்பிடிக்காமல் நிற்கும். வைக்கோல் போர், ராகிப் போர் பக்கத்தில் சுற்ற விடாதீர்கள்.

காரிமங்கலம் கிராஸ்:

தம்பி, பட்டியலைப் போடு, அறுப்பு நாளை மழையைப் பார்த்து நான் சொல்கிறேன். பனம்பூவுக்குப் பாப்பாரப்பட்டி பக்கம் ஒருவரிடம் சொல்லியாகிவிட்டது.

தீபாவளி ஆட்டுச் சீட்டு பற்றித் தனியாகக் கேட்டவர்களுக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் மாசாமாசம் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுச் சேர்க்கிறோம். ஆடு பிடிக்கக் குந்தாரப்பள்ளி வெள்ளிக்கிழமைச் சந்தை, விட்டால் ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளிச் சந்தை. தீபாவளிக்கு முந்தின வாரம் விலை ஏறிவிடும், அதற்கு முந்தின வாரமே பிடித்து வீட்டில் கட்டித் தீனி போட்டுக்கொள்வது நல்லது. கூறு போடும்போது தலை, ஈரல், குடல் எல்லாம் எல்லாக் கூறிலும் கொஞ்சம் வருகிற மாதிரி வைத்து, ஒருவரைத் திரும்பி நிற்கச் சொல்லி "இது யாருக்கு" என்று கேட்டுப் பெயர் சொல்ல வைக்கிறோம், யாருக்கும் மனக்குறை வராது. நோன்பு எடுக்கிற வீடுகளுக்கு அன்றைக்குக் கறி ஆகாது என்பதால் அவர்களுக்கு மட்டும் மறுநாள் இன்னொரு ஆடு. நாலு ரோடு தம்பி, காரிமங்கலம் உனக்குப் பக்கம்தானே, இந்த வருஷம் உனக்கும் உன் நண்பனுக்கும் எங்கள் தெருவில் ஒரு கூறு எழுதி வைத்திருக்கிறேன். காசு பற்றிப் பேசக்கூடாது, விடியற்காலை ஓட்டத்தை முடித்துவிட்டு நேராக வந்துவிடுங்கள்.